ஒரு சாண் சந்து

வித்யா சுவரில் மூன்று முறை தட்டினாள். திரும்பி வந்தது நான்கு.

எதிரொலி என்றால் மூன்றுதானே வரவேண்டும். கட்டிலில் குப்புறப் படுத்தபடி அவள் இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை இரண்டு. தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றியது, தெருவில் குக்கர் ரிப்பேர்க்காரனின் ஒலிபெருக்கி கன்னடத்தில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தேய்ந்து போனது, கீழ்வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை படியேறி வந்து ஜன்னல் திரையில் தங்கியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அவசரமில்லாமல் எண்ணுவதுபோல, சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது.

"அக்கா, யாருக்கா?" என்றாள் ரக்ஷிதா.

"பக்கத்து வீட்ல யாராவது பொண்ணு இருக்கும். அதுக்கும் லீவு விட்டிருப்பாங்க."

ஏப்ரல் மூன்றாம் வாரம். வித்யாலட்சுமி ஒன்பதாவது முடித்திருந்தாள். தங்கை ரக்ஷிதாவுக்கு ஏழு வயது. திருப்பத்தூரிலிருந்து அவர்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா ராஜேஷ்குமார் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு சாப்பாட்டுக்குத்தான் வருவார். அம்மா சீதாலட்சுமி கம்மனஹள்ளியில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர்; பத்திலிருந்து ஆறு வரை. கதவைத் திறக்கக் கூடாது, தெருவுக்குப் போகக் கூடாது, போன் ஒரு மணி நேரம்தான், சின்னவளை விட்டு நகரக் கூடாது. இதுதான் வித்யாவின் கோடை விடுமுறை.

விடுமுறையில் மாணவர்கள் சலிப்பில்லாமல் இருக்க இருபது வழிகள் என்று வகுப்பாசிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அம்மா கையால் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். முட்டை ஓட்டில் மண் போட்டுப் பச்சைப்பயறு முளைக்க வைத்தாகிவிட்டது. செய்தித்தாளில் பை செய்தாகிவிட்டது. அடுப்பில்லாமல் சமைக்கிறேன் என்று அவலைக் கெடுத்தாகிவிட்டது. லூடோவில் ரக்ஷிதா மூன்று முறை அழுதாகிவிட்டது. புதிதாக ஒரு நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று ஒரு வழி இருந்தது. அதை மட்டும் செய்ய முடியவில்லை. தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அதனால் சுவர் தட்டியபோது ரக்ஷிதாவுக்குப் புது உயிர் வந்தது. ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு என்று அவளே சுவரில் வாய் வைத்து விதிமுறை சொன்னாள்.

"நீ பொண்ணா?"

ஒன்று.

"உனக்கும் லீவா?"

ஒன்று.

"போர் அடிக்குதா?"

பிறகு ஒரே ஒரு தட்டு. முன்பைவிட மெதுவாக.

நான்கு நாட்கள் இந்த விளையாட்டு நடந்தது. காலையில் அம்மா படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் ரக்ஷிதா கட்டிலில் ஏறிவிடுவாள். பள்ளிக்கூடக் கதை, பாட்டு, விடுகதை எல்லாவற்றையும் சுவருக்குச் சொன்னாள். அவளுக்கு அது 'சுவர் ஃப்ரெண்டு'. வித்யாவுக்கு நிம்மதியாக இருந்தது. போர் அடிக்குதுக்கா, போர் அடிக்குதுக்கா என்று நாள் முழுக்கக் காதருகில் கேட்ட குரல் நின்றுவிட்டது. அவள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கலாம். அந்த நிம்மதியைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை.

நான்காம் நாள் மதியம் ரக்ஷிதா கேட்டாள்: "எங்க வீட்ல இப்ப எத்தன பேரு இருக்கோம், சொல்லு பாக்கலாம்."

ஒன்று. இரண்டு.

"கரெக்ட்டு" என்று அவள் கை தட்டும்போது மூன்றாவது கேட்டது.

வித்யா போனைக் கீழே வைத்தாள். முதல் இரண்டும் கேட்ட இடத்திலிருந்து அந்த மூன்றாவது வரவில்லை. இன்னும் கீழே. இன்னும் பக்கத்தில். அவள் தலையணையை ஒட்டி.

மறுநாள் ரக்ஷிதா, சுவர் ஃப்ரெண்டைக் கேரம் விளையாடக் கூப்பிட வேண்டும் என்று அடம் பிடித்தாள். ஐந்தே நிமிடம் என்று சொல்லி வித்யா அவளைப் பக்கத்து அடுக்குமாடிக்கு அழைத்துப்போனாள். யார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கும் வேண்டியிருந்தது. கேட்டருகே காவலாளி சிரில் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"யார் வீட்டுக்கும்மா?"

"ஃபர்ஸ்ட் ஃப்ளோர் அங்கிள். எங்க வீட்டு சுவர் பக்கமா இருக்கே, அந்த வீடு. சின்னப் பொண்ணு ஒன்னு இருக்கு."

"உங்க பக்கம் வீடே கெடையாதேம்மா. அந்தப் பக்கம் பூரா படிக்கட்டு. வேணும்னா ஏறிப் பாரு."

அவள் ஏறிப் பார்த்தாள். வெறும் படிகள். மணல் தூசியில் காலடித் தடங்கள் நடுவில் மட்டும் இருந்தன. சுவர் ஓரமாக யாரும் நடந்ததாகவே தெரியவில்லை. அந்தச் சுவரில் அவள் காதை வைத்தாள். மறுபக்கம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சுவர் ஜில்லென்று இருந்தது.

"அங்கிள், ரெண்டு சுவரும் ஒட்டியா இருக்கு?"

"இல்லம்மா. நடுவுல ஒரு ஜாண் விட்டிருக்காங்க. எலி போற சந்து. வேற என்ன போகும் அதுல."

வீட்டுக்கு வந்து ரக்ஷிதாவை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு அவள் மொட்டை மாடிக்குப் போனாள். மணி மூன்று. தரை செருப்பையும் மீறிச் சுட்டது, கொடியில் காய்ந்த துணிகள் அட்டைபோல விறைத்திருந்தன, வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்து அந்தச் சந்துக்கு மேலாகக் குனிந்ததும் முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது, மூடியே கிடந்த பெட்டியைத் திறந்தால் வருகிற பழைய காற்று, அதில் ஈரச் சுண்ணாம்பு, புறா எச்சம், அவற்றோடு இன்னொரு வாசனை, பிள்ளைகள் தலையில் நாள்பட்டு ஊறிய எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. போன் வெளிச்சத்தைக் கீழே அடித்தாள். இரண்டு பக்கமும் பாசி கருத்திருந்தது. சிலந்தி வலைகள். அடியில் பாலிதீன் பைகள், வெளுத்துப்போன ஒரு ரப்பர் பந்து.

அவர்கள் படுக்கையறை இருந்த உயரத்தில் மட்டும் பாசி இல்லை.

ஒரு குழந்தையின் அகலத்துக்கு, இரண்டு சுவர்களிலும் நேருக்கு நேராக, சிமென்ட் தேய்ந்து வழவழவென்று மின்னியது. மாடு உடம்பைத் தேய்த்துத் தேய்த்து மரம் வழவழப்பாகுமே, அப்படி. தரையிலிருந்து பத்தடி உயரம். நிற்பதற்கு அங்கே ஒரு கல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

கீழ்வீட்டில் பவுலின் ஆன்ட்டி தனியாக இருந்தார். அவர்தான் வீட்டுக்காரர். வித்யா போனபோது சமையலறைத் தொட்டியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, எங்க ரூம் செவுத்துல யாரோ தட்டுறாங்க."

பவுலினின் கை தண்ணீருக்குள் நின்றது.

"நீங்க திருப்பித் தட்டுனீங்களா?"

வித்யா தலையாட்டினாள்.

"தட்டக் கூடாதும்மா. சும்மா விட்டுடணும். எலிதான்."

"கேட்டா பதில் சொல்லுது ஆன்ட்டி."

"முன்ன இருந்தவங்களும் இதான் சொன்னாங்க." அவர் குழாயை மூடினார். "வருஷம் பூரா ஒன்னும் இருக்காது. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடுவாங்க. லீவுலதான். வீட்ல பிள்ளைங்க வேலை இல்லாம உக்காந்திருக்கறப்பதான்."

"அவங்க பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

பவுலின் துணியில் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"கட்டிலத் தள்ளிப் போட்டுக்கங்க. சின்னவளத் தனியா விடாத."

அன்று மாலை வித்யா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சீதாலட்சுமி வேலையிலிருந்து வந்த களைப்பில் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள்.

"சும்மா இருந்தா காதுல எதாவது கேட்டுட்டுதான் இருக்கும். நீ பயந்துக்கறது இல்லாம அவளையும் பயமுறுத்தாத. மே பத்தாம் தேதி ஊருக்குப் போறோம். அதுவரைக்கும் சமாளிடி, கண்ணு."

வித்யா தனியாகவே கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தாள். மறுநாள் முதல் அறைக் கதவைச் சாத்தி, ரக்ஷிதாவைக் கூடத்தை விட்டு நகரவிடவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் தட்டல் ஓயவில்லை. முதலில் ஒன்றிரண்டு. பிறகு இடைவிடாமல், மணிக்கணக்காக, சோம்பேறித்தனமாகப் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல. வித்யா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

"அவ அழுவுறாக்கா" என்றாள் ரக்ஷிதா.

"யாரு?"

"சுவர் ஃப்ரெண்டு. ரொம்ப நாளா போர் அடிக்குதாம். நம்மள மாதிரி ரெண்டு மாசம் இல்லியாம்."

"அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? அது தட்டதான செய்யுது?"

ரக்ஷிதா திரும்பாமல் கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி வெளிச்சம் அவள் முகத்தில் மாறிமாறி விழுந்தது.

மூன்றாம் நாள் பள்ளித் தோழி ஒருத்தி வீடியோவில் அழைத்தாள். பத்து நாளாயிற்று, வித்யா தன் வயதில் ஒருத்தியோடு பேசி. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கூடத்தில் கார்ட்டூன் ஓடியது. ரக்ஷிதா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வித்யா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் இருந்தாள். அப்புறம் தோழி ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபது நிமிடம் இருக்கும்.

இயர்போனைக் கழற்றியதும் முதலில் தெரிந்தது அமைதி. கார்ட்டூன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தட்டல் நின்றிருந்தது.

கூடத்தில் யாரும் இல்லை. வாசல் தாழ்ப்பாள் திறந்திருந்தது. அதன் அடியில் ஒரு முக்காலி.

அவள் படியில் ஓடினாள். பவுலின் ஆன்ட்டி வீடு பூட்டியிருந்தது. பின்பக்கம் ஓடினாள். துவைக்கிற கல். வாளி. சந்தின் வாயை மூடியிருந்த தகரம் ஒருபக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் ரக்ஷிதாவின் செருப்புகள். ஜோடியாக. யாரோ அழகாக எடுத்து வைத்ததுபோல.

"ரக்ஷி."

வித்யா உள்ளே தோளை நுழைத்தாள். நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி ஒரு கையையும் தலையையும் மட்டும் உள்ளே விட்டாள். இரண்டு பக்கமும் கன்னத்தில் சிமென்ட் உரசியது. மறுகோடியில் தெரு வெளிச்சம் ஒரு நூல்போலத் தெரிந்தது. நடுவில் தரையில் யாரும் இல்லை.

மேலே யாரோ சிரித்தார்கள்.

"ரக்ஷி, எங்க இருக்க?"

"அக்கா, இங்க ஜில்லுன்னு இருக்குக்கா."

குரல் மேலேயிருந்து வந்தது. வித்யா போன் வெளிச்சத்தை உயர்த்தினாள். வெறும் காற்றில், இரண்டு சுவர்களுக்கும் நடுவே, இரண்டு சின்னப் பாதங்கள். அழுக்கான உள்ளங்கால்கள். எதன்மேலும் ஊன்றாமல்.

அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பாதங்கள்.

போன் அவள் கையிலிருந்து விழுந்தது.

அவள் கத்திய கத்தலில் சிரில் ஓடிவந்தார். பின்னாலேயே தெரு வந்தது. யாரோ அம்மாவுக்குப் பேசினார்கள், யாரோ தீயணைப்புக்குப் பேசினார்கள், அது எங்கேயோ டிராஃபிக்கில் நின்றது. தெருக்கோடியில் கட்டிட வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரி முனியப்பனைச் சிரில் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அவர் சந்துக்குள் ஒருமுறை பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. சுத்தியலும் உளியுமாகப் படியேறினார்.

படுக்கையறைச் சுவரில் முதல் அடி விழுந்ததும் ரக்ஷிதாவின் குரல் நின்றுவிட்டது.

வித்யா மூலையில் நின்று ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்தாள். சிமென்ட் தூசி வாயில் கரித்தது. ஒரு கல் பெயர்ந்தது. இன்னொன்று. கருப்பாக ஒரு துளை. அதிலிருந்து குளிர் வந்தது. அப்புறம் ஒரு சின்னக் கை வந்தது.

முனியப்பன் அந்தக் கையைப் பிடித்து, தோளைப் பிடித்து, மெல்ல இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தார். அந்த நேரம்தான் சீதாலட்சுமி படியேறி வந்தாள். வந்தவள் அப்படியே மண்டியிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. அழவும் இல்லை. அறையை ஒவ்வொரு மூலையாக, கூரை, மின்விசிறி, ஜன்னல் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இன்னொரு பொண்ணு இருக்கு" என்றாள் வித்யா.

முனியப்பன் துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"யாரும் இல்ல பாப்பா. இறகுதான் கெடக்கு." கல்லைக் கீழே வைத்தவர் குரலைத் தாழ்த்திச் சிரிலிடம் சொன்னார்: "பத்தடி மேலண்ணா. இத்தினிக்காணு புள்ள எதைப் புடிச்சு ஏறுச்சு?"

மருத்துவர் பார்த்து, பயம்தான், உடம்பு கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். அன்று இரவு அப்பா சின்னவளின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் முதல் வேலையாக முனியப்பனைக் கூப்பிட்டுத் துளையை அடைக்கச் சொன்னார். பகல் பன்னிரண்டுக்குள் புதுக் கல் வைத்து, இடுக்கில் சிமென்ட் அடைத்து முடிந்தது. மேற்பூச்சு நாளைக்கு என்று முனியப்பன் போனார். காலையில் வேலைக்குப் போகாத அப்பா மதிய ஷிப்டுக்குக் கிளம்பினார். இரவெல்லாம் தூங்காத அம்மா கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள்.

ரக்ஷிதா படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான். டிவி வேண்டும் என்று கேட்கவில்லை. பசி என்று சொல்லவில்லை. அம்மா படுக்கும் முன் அவளைப் பார்த்துக் கண்கலங்கினாள். "பாரு, என் தங்கம் எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கு."

வித்யா லூடோவை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தாள். போனைக் கொடுத்தாள். மாம்பழம் நறுக்கி வைத்தாள். ரக்ஷிதா ஒவ்வொன்றையும் பார்த்தாள், தொடவில்லை.

"ரக்ஷி, போர் அடிக்கலையா உனக்கு?"

"இல்லியே."

"நாள் பூரா இப்படியே உக்காந்திருக்கியே."

"எனக்கு இங்க புடிச்சிருக்கு" என்றாள் அவள். இமைக்காமல் கூரையைப் பார்த்தாள். "இங்க எவ்ளோ இடம் இருக்கு."

வித்யா எழுந்தாள். அம்மாவை எழுப்ப வேண்டும். கதவுப்பக்கம் இரண்டடி வைத்தாள்.

அப்போது சுவரில் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

மிக மெல்லிய சத்தம். நகம் கல்லில் படுவதுபோல. புதிதாக அடைத்த இடத்திலிருந்து. வித்யா திரும்பினாள். நடந்தாள். மண்டியிட்டு, ஈரம் காயாத சிமென்ட்டில் காதை வைத்தாள்.

யாரோ மூச்சு வாங்கினார்கள். யாரோ அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தார்கள்.

"அக்கா."

வெகு தூரத்திலிருந்து.

"அக்கா, என்ன விட்டுட்டு ஏன்க்கா அவளத் தூக்கினீங்க?"

அம்மா என்று கத்த வித்யா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கையால் சிமென்ட்டைப் பிறாண்டினாள். மேலாக ஒரு பொருக்கு உதிர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு கற்களுக்கு நடுவே, அவள் கண்ணெதிரில், ஈரக் கலவை லேசாகப் புடைத்தது. வெடித்தது. அதன் வழியாக ஒரு விரல் நுனி வெளியே வந்தது. நகம் பாதி பெயர்ந்திருந்தது. ரத்தமும் சிமென்ட்டும் ஒட்டியிருந்தன. அது காற்றைத் தடவியது. வித்யா தன் விரலை அதன்மேல் வைத்தாள். சூடாக இருந்தது.

அவள் பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது.

பீரோ இடுக்கு காலியாக இருந்தது. அவள் தோள்மேல் ஒரு சின்னக் கை வந்து அமர்ந்தது. பிறகு இறுகியது.

"விடுக்கா" என்றாள் அவள், காதோடு காதாக. "சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்."

சுவரில் அந்த விரல் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.